ரெண்டாவதா வா

ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுச் சங்கு ஊத இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

கொறற்றி வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து கெண்டைக்காலில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வயது. முழுப் பெயர் மரிய கொறற்றி. அன்று இரத்தோட்டையில் பள்ளிக்கூடங்களுக்கான வட்டாரப் போட்டி. தோட்டப் பள்ளிக்கூடத்துக்காக எண்ணூறு மீற்றர் ஓட வேண்டும். முதலாவது வருகிறவள் மட்டும் மாத்தளைக்குப் போவாள். மாத்தளையில் நன்றாக ஓடினால் சிஸ்டர்மாரின் ஹொஸ்டலில் இடம் கேட்கலாம் என்று மாணிக்கவாசகம் சேர் சொல்லியிருந்தார்.

அவளுடைய அப்பா ரபாயேல் அன்று தேயிலைக் கவ்வாத்து வெட்டப் போகவில்லை. வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். மகளுக்கு எதிரே வந்து குந்தினான்.

"ஏம்மா."

"என்னாப்பா."

"ரெண்டாவதா வா."

எண்ணெய்க் கை நின்றது.

"யாருக்கு?"

"முதலாளி மகளுக்கு. அந்த சுனேத்ராவுக்கு."

"அவ மொதல்ல வருவான்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அவ எங்க வர்றாளோ, அவளுக்குப் பின்னால வா."

"அவ கடைசியா வந்தா?"

"வெளயாடாத புள்ள."

"நெசமாத்தாம்ப்பா கேக்குறேன். அவ கடைசியா வந்தா நான் எங்க வந்து நிக்கிறது? பஸ் ஸ்டேண்டுலயா?"

ரபாயேல் சிரிக்கவில்லை. முதலாளி என்றால் முதுபண்டா. தோட்டத்துக்குக் கீழே தெல்கஹகொட கிராமத்தில் கடை வைத்திருந்த சிங்களவன். லயத்து ஆட்கள் மாவும் சீனியும் வாங்குவது அவனிடம்தான். அவன் மகள் கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்காக ஓடினாள்.

"கடைசி வளைவு வரைக்கும் நல்லா ஓடு," என்றான் ரபாயேல். "சேருக்கும் கொற இருக்காது. அந்த வளைவுல மட்டும் கொஞ்சம் விட்டுரு. யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்ல."

அம்மா மரியாயி பீலியிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். வாசலில் நின்று கடைசிப் பேச்சைக் கேட்டாள். குடத்தை இறக்கி வைத்தாள்.

"நேத்து அந்தியிலேயே சொன்னேன். புள்ளகிட்ட இத பேசாதீங்கன்னு."

"நீ பேசாம இரு."

"இருக்க மாட்டேன்."

அவர்கள் இருந்தது கீழ் லயம். வரிசையாக எட்டுக் காம்பரா, ஓர் அறைக்கு ஒரு குடும்பம். கூரைத் தகரம் புதியது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். மழை பெய்து நனைந்தால் உள்ளிருந்து கறுப்பு தெரியும்.

எண்பத்து மூன்று சித்திரை வருடப்பிறப்புக்குத் தெல்கஹகொடையில் வொலிபோல் நடந்தது. இரண்டு தென்னைக்கு நடுவே வலை. கிராமத்து டீமுக்கு எதிராகத் தோட்டத்து டீம். கடைசிப் பந்தை ரபாயேல் அடித்தான். அது வலைக்கு அந்தப் பக்கம் முதுபண்டாவின் காலடியில் விழுந்தது. பொடியன்கள் ரபாயேலைத் தோளில் தூக்கிக்கொண்டு, தப்பு மேளம் அடித்துக்கொண்டு, கடைத்தெரு வழியாக மலையேறினார்கள்.

அந்த ஆடி மாதம் கீழ் லயம் எரிந்தது. வந்தவர்கள் லொறியில் வந்தார்கள். முகத்தில் துணி கட்டியிருந்தார்கள். யார் என்று யாருக்கும் தெரியாது. எட்டுக் காம்பரா ஆட்களும் மூன்று நாள் ஏலக்காட்டில் இருந்தார்கள். மூன்று நாளும் மழை. ரபாயேலுக்கும் மரியாயிக்கும் ஒன்பது மாதத்தில் ஓர் ஆண் குழந்தை இருந்தது. ஒஸ்வல்ட். இரண்டாம் நாள் காய்ச்சல் கண்டது. நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பாலத்தடியில் மரியாயி குழந்தையின் முகத்துத் துணியை விலக்கிப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவசரமாக நடக்கவில்லை.

"பதுளையில எரிஞ்சிச்சு," என்றாள் மரியாயி. "கொழும்புல எரிஞ்சிச்சு. மாத்தளை டவுன்ல எரிஞ்சிச்சு. அங்கயெல்லாம் நீங்க போயா பந்தடிச்சீங்க?"

"மேல் லயம் எரியல."

"மேல் லயத்துக்கு லொறி ஏறாது."

"பந்தடிச்ச நாங்க ஆறு பேரும் கீழ் லயம்."

"ஆறு பேரும் கீழ் லயம். சரி. அந்தோணியார் சுரூபம் எந்த லயம்? அதையுந்தான் ஒடச்சாங்க. அது பந்தடிச்சிச்சா?"

"நீ பாக்கல மரியாயி. நான் தோள்ல ஒக்காந்திருந்தேன். கடைப் பலகைய எல்லாம் தூக்கிட்டு நின்னு பாத்தாங்க. அந்த மொகம் அத்தனையும் நான் மேலேர்ந்து பாத்தேன்."

"பாத்தா என்னா? பொறந்த வருஷத்துக்கு நின்னு வேடிக்கை பாத்திருப்பாங்க."

"நீ மலையில கைய அமத்துறது இல்லையா?" என்றான் ரபாயேல். "அது மட்டும் என்னா?"

மரியாயி அந்த டிவிஷனிலேயே கை வேகமான கொழுந்துக்காரி. முப்பது கிலோ எடுப்பாள். ஆனால் எடுக்க மாட்டாள். ஒரு முழுப் பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, பதினாறு கிலோ. பத்தொன்பது இருபதில் அவள் கை தானாக மெதுவாகும். கூடுதல் கிலோவுக்குக் காசு உண்டு. ஆனால் ஒருத்தி முப்பது எடுத்தால் தோட்டத்துத் துரை அதைப் பார்ப்பார். மலையில் கொழுந்து கிடக்கிறது, மற்றவர்கள் விளையாடுகிறார்கள் என்பார். எல்லாருக்கும் இரண்டு கிலோ ஏறும். அந்த இரண்டு கிலோவைச் சவரியம்மா போன்றவர்கள் எடுக்க முடியாது. அவர்களுக்கு அரைப் பேர்தான் விழும். இதை யாரும் பேசி முடிவு செய்ததில்லை. வேகமான கைகள் எல்லாம் அப்படித்தான் செய்தன.

"அது சவரியம்மாக்காவுக்காக," என்றாள் மரியாயி. "அவங்களுக்கு இடுப்பு முடியாது. நான் பயந்துக்கிட்டா கைய அமத்துறேன்?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்ல."

"நீதான் சொல்லிக் குடு. வெளியில தெரியாம விடுறது எப்பிடின்னு ஒனக்குத்தான் தெரியும்."

மரியாயி அவனைப் பார்த்தாள். பிறகு படங்குச் சாக்கை எடுத்து இடுப்பில் சுற்றிக் கயிற்றை இறுக்கினாள். தவக்காலத்து வெள்ளி என்பதால் அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. ரொட்டியை மகளுக்குத் துணியில் கட்டியிருந்தாள்.

சங்கு ஊதியது.

"ஏ புள்ள," என்றாள் வாசலில் நின்று. "அது ஒன் காலு. ஒங்கப்பா காலு இல்ல."

கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

*

பஸ்ஸுக்கு இரண்டு மைல் நடக்க வேண்டும். ஏழு பிள்ளைகள், மாணிக்கவாசகம் சேர், ரபாயேல். பாதையோரம் முள்முருங்கை சிவப்பாகப் பூத்திருந்தது. அதில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. பனி இன்னும் கலையவில்லை.

மாணிக்கவாசகம் மாத்தளை டவுன்காரர். கல்யாணம் ஆகாதவர். தோட்டத்துக்கு வந்து நான்கு வருடம். கவ்வாத்து மலையிலிருந்து குச்சி பொறுக்கி நட்டு, கோயிலுக்குப் பக்கத்தில் ஓடுபாதை போட்டவர் அவர். வெள்ளிக்கிழமைகளில் அவர் ஒரு காரியம் செய்வார். வேகமாக ஓடுகிற பிள்ளைகளை இருபது அடி பின்னால் நிறுத்துவார். அவர்கள் தோற்பார்கள். தோற்றவுடன் ஜெயித்தவரிடம் போய்க் கை கொடுக்க வேண்டும். முதல் தடவை கொறற்றி அழுதாள்.

"அழலாம்," என்றார் சேர். "ஆனா காரணம் சொல்லக்கூடாது."

"நீங்கதான் சேர் பின்னால நிப்பாட்டினீங்க."

"அது காரணம்."

"நெசந்தான சேர்?"

"நெசமான காரணமும் காரணந்தான். போயிக் கை குடு."

பிள்ளைகள் அதைப் பாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். யாராவது பாடம் செய்யாமல் வந்தாலும், பானையை உடைத்தாலும், காரணம் சொல்லக்கூடாது, காரணம் சொல்லக்கூடாது என்று சுற்றி நின்று கத்துவார்கள்.

நடக்கும்போது சேர் கொறற்றியின் பக்கத்தில் வந்தார்.

"பயமா இருக்கா?"

"இல்ல சேர்."

"மொத சுத்துல முந்தாத. மூணாவதுல எடு. தெல்கஹகொட புள்ள நல்லா ஓடுமாம். நான் பாத்ததில்ல."

"சரி சேர்."

"அப்பா என்னா சொன்னாரு?"

கொறற்றி திரும்பிப் பின்னால் பார்த்தாள். ரபாயேல் சின்னப் பிள்ளை ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான்.

"ஓடச் சொன்னாரு சேர்," என்றாள்.

*

மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். ஒரு சுற்று இருநூறு மீற்றர். நான்கு சுற்று ஓட வேண்டும். கடைசி வளைவில் ஒரு ஜம்பு மரம் நின்றது. கயிற்றுக்கு வெளியே சனம். சிங்களம், தமிழ், முஸ்லிம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பொலித்தீன் பையில் ஐஸ் பக்கெட் விற்கிறவன் மணி அடித்தான். வெயில் ஏறியிருந்தது. மலைப் பக்கம் மட்டும் கறுத்து நின்றது.

எண்ணூறு மீற்றருக்குப் பெயர் கூப்பிட்டபோது பதினொன்றரை. ஒன்பது பெண்கள். சுனேத்ரா நெட்டையாக, மெலிந்து இருந்தாள். அவள் காலிலும் சப்பாத்து இல்லை. கொறற்றியைப் பார்த்துச் சிரித்தாள். கடையில் பார்த்துப் பழக்கம்.

முதல் சுற்றில் கொறற்றி நாலாவது. இரண்டாவதில் மூன்றாவது. மூன்றாவது சுற்றில் எடுத்தாள். தோட்டத்துப் பிள்ளைகள் ஆறு பேரும் கயிற்றில் தொங்கிக்கொண்டு கத்தினார்கள். கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தபோது அவள்தான் முன்னால். சுனேத்ரா நாலு அடி பின்னால்.

ரபாயேல் கயிற்றைப் பிடித்திருந்தான். கொறற்றி அவனைக் கடந்து போனாள். அவன் தரையைப் பார்த்தான். நிமிர்ந்தபோது அவள் ஜம்பு மரத்தடியில் இருந்தாள். அங்கே சுனேத்ரா வெளிப்பக்கமாக வந்தாள். கொறற்றியின் தோளுக்கு வந்தாள். தாண்டினாள். கொறற்றியின் கழுத்து பின்னால் சாய்ந்தது. கை தாழ்ந்தது. மூன்று முழம் பின்னால் கோட்டைத் தொட்டாள்.

ரபாயேல் மூச்சு விட்டான். கயிற்றை விட்டான். உள்ளங்கையில் நார் குத்தியிருந்தது.

கோட்டுக்கு அப்பால் கொறற்றி முழங்காலில் கை ஊன்றி நின்றாள். பிறகு நடந்து போய் சுனேத்ராவுக்குக் கை கொடுத்தாள். சுனேத்ரா அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டே குனிந்து வாந்தி எடுத்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மாணிக்கவாசகம் ரபாயேலின் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

*

முதுபண்டா தேடிக்கொண்டு வந்தான். பெரிய ஆள். வேட்டியைத் தூக்கிப் பிடித்திருந்தான். இரண்டு கிளாஸ் தேத்தண்ணீர் வாங்கி ஒன்றை ரபாயேலிடம் நீட்டினான். அவனுடைய தமிழ் கடையில் பழகிய தமிழ்; தம்பி என்பதற்கு மல்லி என்பான்.

"குடி மல்லி. என் மக ராத்திரி தூங்க இல்ல. ஒன் மக வருது, ஒன் மக வருதுன்னு பயம். வெடியக்காலம் எந்திரிச்சு வாந்தி. இப்பவும் வாந்தி." சத்தமாகச் சிரித்தான். "என்னா ஓட்டம்! எனக்கு இங்க நெஞ்சு நின்னது."

"நல்லா ஓடினா முதலாளி."

"ரெண்டும் நல்லா ஓடினது. ஒன் மக லேசுப்பட்டது இல்ல." தேத்தண்ணீரை ஊதினான். "நெட் இன்னும் அங்க கட்டித்தான் இருக்குது. ஆளு இல்ல. ரெண்டு பொடியன் ஆமிக்குப் போனது. ஒன்ன மாதிரி அடிக்க ஒருத்தனும் இல்ல. சித்திர வருஷத்துக்கு வாவேன். நம்ம பக்கம் நின்னு அடி. அப்ப நான் தோக்க மாட்டேன்."

ரபாயேலுக்கு உடம்பு லேசானது. இரண்டு வருடத்தில் அந்த ஆட்டத்தைப் பற்றி அவர்கள் பேசியதில்லை. அவன் சிரித்தான். எதையாவது கொடுக்க வேண்டும் போல் இருந்தது.

"நான்தான் சொன்னேன் முதலாளி."

"என்னா சொன்னது?"

"மகள்ட்ட. ரெண்டாவதா வரச் சொல்லி. ஒங்க மகளுக்குப் பின்னால வரச் சொல்லி."

முதுபண்டா கிளாஸை வாயிலிருந்து எடுத்தான்.

"எதுக்கு?"

"சும்மாதான். ஊருக்குள்ள ஒரு பிரச்சினயும் வேணாம்னு."

"என்னா பிரச்சின?"

"அன்னைக்கி பந்துல நாங்க ஜெயிச்சோம்ல. தப்பு அடிச்சுக்கிட்டுப் போனோம். பொறகு ஆடி மாசம்..."

முதுபண்டா அவனை நேராகப் பார்த்தான். ஐஸ் பக்கெட்காரனின் மணி கேட்டது.

"அந்த லொறியில நான் வந்ததுன்னு நெனைக்கிறது?"

இல்லை என்று சொல்ல ரபாயேலுக்கு நேரம் இருந்தது. வாயைத் திறந்தான். அந்த நேரம் போய்விட்டது.

"ரெண்டு வருஷம் என் கடையில மாவு வாங்குது," என்றான் முதுபண்டா. "சீனி வாங்குது. தேத்தண்ணி போட்டுத் தந்தா ஒக்காந்து குடிக்குது. இத நெனச்சிக்கிட்டா?"

"அப்பிடி இல்ல முதலாளி."

"என் மக ஆறு மாசம் ரோட்டுல ஓடினது. மழைக்கும் ஓடினது. இப்ப நீ வந்து, நான் குடுத்தேன்னு சொல்லுது. என்னா, பிச்சையா?"

அவன் மீதித் தேத்தண்ணீரைத் தரையில் ஊற்றினான். கிளாஸைத் தேத்தண்ணீர்க் கடைப் பலகையில் வைத்தான். ஜம்பு மரத்தடியில் சுனேத்ராவும் கொறற்றியும் ஒரே ஐஸ் பக்கெட்டை மாறி மாறி உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். முதுபண்டா போய் மகளின் மணிக்கட்டைப் பிடித்தான். சிங்களத்தில் இரண்டு வார்த்தை பேசினான். சுனேத்ரா கையிலிருந்த சான்றிதழைப் பார்த்தாள். பிறகு கொறற்றியைப் பார்த்தாள். ஐஸ் பக்கெட்டைக் கொறற்றியின் கையில் வைத்துவிட்டு அப்பாவோடு போனாள்.

கொறற்றிக்குச் சிங்களம் தெரியும்.

*

பஸ்ஸில் மாணிக்கவாசகம் அவளுக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார். இரண்டு தரிப்பிடம் வரைக்கும் திரும்பவில்லை.

"கடைசி வளைவுல என்னா நடந்துச்சு?"

கொறற்றி சன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"ஒங்கப்பா ஏதாவது சொன்னாரா? அங்க கொஞ்சம் பேச்சு அடிபட்டுச்சு. கேட்டேன்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சொல்லு."

"காரணம் சொல்லக்கூடாது சேர்."

அவர் தலையை ஆட்டினார். பதில் கிடைத்துவிட்டது போல முன்னால் திரும்பிக்கொண்டார். பின் சீட்டில் ரபாயேல் கேட்டுக்கொண்டிருந்தான். தோட்டத்துச் சந்தி வருவதற்குள் மழை பிடித்தது.

*

அவர்கள் மலையேறியபோது நிறுவைக் கொட்டகையில் கடைசி நிறுவை. மழை தகரத்தில் அடித்தது. கொழுந்துக்காரிகள் படங்கு நனைந்து வரிசையில் நின்றார்கள். யாரும் சிரித்துப் பேசவில்லை. கணக்கப்பிள்ளை பொன்னையா தராசுக்குப் பக்கத்தில் நின்றார்.

மரியாயியின் கூடை தொங்கியது. பொன்னையா முள்ளைக் குனிந்து பார்த்தார். காலை நிறுவையோடு கூட்டினார்.

"முப்பத்தி மூணு," என்றார். "என்னா மரியாயி, ஒன் கைக்கு ஓயில் போட்டியா?"

மரியாயி விரல் நுனிகளைப் படங்கில் துடைத்தாள்.

"இப்பிடி ஒரு கைய இத்தன வருஷம் எங்க ஒளிச்சு வச்சிருந்த? தொர இப்பத்தான் ஒன் கூடையப் பாத்துட்டுப் போறாரு. முப்பது கெடக்கிற மலையில பதினாறு என்னாத்துக்குன்னாரு. திங்கள்லேர்ந்து பதினெட்டு." வரிசையைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "எல்லாருக்கும் கேட்டிச்சா? பதினெட்டு."

சவரியம்மா வரிசையில் மூன்றாவதாக நின்றாள். ஐம்பத்து மூன்று வயது. ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பாள். பக்கத்துக் காம்பரா. ஏலக்காட்டில் ஒஸ்வல்டை இரண்டு இரவு மடியில் வைத்திருந்தவள். அவள் கூடை பதினாறரை நின்றது.

"பதினாறர," என்றாள் சவரியம்மா. "இன்னைக்கி நான் முழுப் பேருக்காரி. நல்லாப் பாத்துக்கங்கடி. திங்கக்கெழம பாக்க முடியாது."

யாரோ சிரித்தார்கள்.

"அக்கா," என்றாள் மரியாயி.

"பேசாத. காலையில மலையில வச்சு என்னா சொன்ன? எம் புருஷன் புள்ளய விட்டுக் குடுக்கச் சொல்லிட்டாரு, நான் இன்னைக்கி விட மாட்டேன், எவளுக்கும் விட மாட்டேன்னு. கோவத்துல பேசுறான்னு நெனச்சேன். அந்தப் புள்ள அங்க விட்டதுக்கு என் இடுப்பு என்னாடி செய்யும்?"

மரியாயி அப்போதுதான் கொட்டகைக்கு வெளியே நின்ற மகளையும் புருஷனையும் பார்த்தாள்.

"எத்தனாவது?"

"ரெண்டு," என்றாள் கொறற்றி.

மரியாயி கூடையை எடுத்துத் தலையில் போட்டாள். மழையில் இறங்கி நடந்தாள். அவர்கள் பின்னால் நடந்தார்கள்.

*

அடுப்பில் ஈர விறகு புகைந்தது. மரியாயி ஊதுகுழலால் ஊதினாள். அவள் விரல் நுனிகள் கறுத்து வெடித்திருந்தன. ஆறரைக்குக் கோயிலில் சிலுவைப்பாதை. அதற்குள் தேத்தண்ணீர் வைக்க வேண்டும்.

ரபாயேல் ஈரச் சட்டையைக் கழற்றிக் கயிற்றில் போட்டான்.

"புள்ள எம் பேச்சக் கேட்டுட்டா," என்றான் சுவரைப் பார்த்து. "நான்தான் கடைசியில வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கல. முதலாளிட்ட சொல்லிட்டேன். சந்தோசப்படுவாருன்னு நெனச்சேன்."

மரியாயி ஊதுவதை நிறுத்தினாள்.

"என்னா சொன்னீங்க?"

"விட்டுக் குடுக்கச் சொன்னேன்னு."

"அவர்ட்டயா?"

"ஆமா."

"அவரு?"

"தேத்தண்ணிய கீழ ஊத்திட்டாரு."

மரியாயி அவனைப் பார்த்தாள். அடுப்பு அணைந்துபோயிருந்தது. மறுபடி குனிந்து ஊதினாள்.

கொறற்றி வாசல்படியில் உட்கார்ந்து கூரைத் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நான் விடலப்பா," என்றாள்.

"என்னாது?"

"கடைசி வளைவுல நான் விடல. நீங்க சொன்னத நான் கேக்கல. முழுசா ஓடினேன். மூணாவது சுத்துலேர்ந்து முழுசா ஓடினேன். அவ தாண்டிட்டா."

ரபாயேல் மெதுவாகத் தலையாட்டினான்.

"சரிம்மா. அப்பிடியே சொல்லு. யாரு கேட்டாலும் அப்பிடியே சொல்லு. அதுதான் நல்லது."

"கேட்டா சொல்றதுக்கில்லப்பா. நெசமாத்தான்."

"ஒங்கப்பாவுக்காகப் பொய் சொல்லாத," என்றாள் மரியாயி அடுப்படியிலிருந்து. "அவரு செஞ்சத அவரு சொல்லட்டும்."

"பொய் இல்லம்மா."

"ஒன்னய விட ஓடுறவ இந்த வட்டாரத்துல இல்ல. சேரே சொல்லியிருக்காரு."

"சேர் அவளப் பாத்ததில்லம்மா. நான் இன்னைக்கி பாத்தேன். பக்கத்துல வரும்போது அவ மூச்சு கேட்டிச்சு. என்னோடத விட மெதுவா கேட்டிச்சு. அப்பவே எனக்குத் தெரியும்."

மரியாயி எழுந்து விளக்கை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். திட்டத்தான் வந்தாள். வெளிச்சம் மகளின் காலில் விழுந்தது. வலது பெருவிரல் நகம் பெயர்ந்திருந்தது. பாதி பிய்ந்து சதையோடு தொங்கியது. தண்ணீர் அந்த இடத்தில் மட்டும் சிவப்பாக ஓடியது. அடுத்த விரல் நகமும் கறுத்திருந்தது.

"எங்க பட்டுச்சு?"

"தெரியல. அந்த மரத்தடியில வேரு இருந்துச்சு. அவ தாண்டினப்ப எட்டி வச்சேன். பஸ்ஸுல ஏறினப்பறந்தான் வலிச்சுச்சு."

மரியாயி குந்தினாள். அந்தக் காலைக் கையில் எடுத்தாள். விளக்கைப் பக்கத்தில் வைத்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் காம்பராவில் சவரியம்மா இருமுவது கேட்டது.

"இங்க வாங்க," என்றாள் புருஷனிடம். "வந்து பாருங்க."

ரபாயேல் வந்து நின்று பார்த்தான். குனியவில்லை. பிறகு குனிந்தான்.

மரியாயி தன் முந்தானை ஓரத்தைக் கிழித்து விரலில் சுற்றினாள். கொறற்றி பல்லைக் கடித்துக்கொண்டாள். கோயிலில் முதல் மணி அடித்தது. மழை விட்டிருந்தது. கீழே தெல்கஹகொடையில் ஒவ்வொரு விளக்காக ஏற்றினார்கள். கடைத்தெரு விளக்கு எது என்று அங்கிருந்தே தெரியும்.

"கைய அமத்துறது எப்பிடின்னு எனக்குத் தெரியாதும்மா," என்றாள் கொறற்றி. "ஓடத்தான் தெரியும்."

ரபாயேல் படியில் உட்கார்ந்தான். அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"அவ நெசமாத்தான் ஜெயிச்சா. அத அவகிட்ட யாருப்பா போயி சொல்றது?"